பச்சை விளக்கின் பாஷை

கையகலப் பலகையொன்றில் இயங்குதளம் ஏற மறுத்த கதையும், அது ஏறிய விதமும்

விழுப்புரம் சந்திப்பிலிருந்து திண்டிவனத்துக்குப் பாசஞ்சர் வண்டியில் பிரயாணம் செய்கிறவர்கள் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் ஆகிய நிலையங்களை வரிசையாகக் கடந்தே ஊர் சேர வேண்டும். குறித்த நேரத்துக்கு வண்டி வராதபோது, திண்டிவனம் நிலையத்துப் பெஞ்சியில் உட்கார்ந்து, ரயில்வேயே கெட்டுப்போய்விட்டது என்று அங்கலாய்ப்பவருக்கு விடை எதுவும் கிடைப்பதில்லை. மயிலத்தைத் தாண்டியதா, பேரணியில் நிற்கிறதா என்று நிலையம் நிலையமாக விசாரிக்கிறவருக்கோ, வண்டி எங்கே நிற்கிறது என்பதும், ஆகவே எதனால் நிற்கிறது என்பதும் சீக்கிரமே விளங்கிவிடுகின்றன. கோளாறு கண்டுபிடிக்கும் வித்தை முழுவதும் ஒரே கேள்வியில் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது: கடைசியாகச் சரியாக நடந்த காரியம் எது?

இந்தக் கேள்வியை நான் மறுபடியும் கேட்க நேர்ந்தது, திண்டிவனத்திலிருக்கும் என் தங்கை மகனின் பொருட்டு. டிப்ளமோ படிக்கும் பிள்ளை. தன் தகப்பனார் மணிலாக்கொட்டை மூட்டைகளை அடுக்கிவைக்கும் அறையின் உஷ்ணத்தையும் ஈரப்பதத்தையும் மணிக்கு மணி குறித்துவைக்க ஒரு சாதனம் செய்ய வேண்டும் என்று, சேர்த்துவைத்த காசில் ராஸ்பெர்ரி பை 3 என்னும் ஒற்றைப் பலகைக் கணினியைப் பழையதாக வாங்கியிருந்தான். ஈரம் ஏறினால் கொட்டையில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தால் விலை போகாது. இவ்வளவு நல்ல நோக்கத்தோடு தொடங்கிய காரியம் நான்கு நாட்களாக முதற்படியிலேயே நின்றுபோயிருந்தது.

"மாமா, சிவப்பு லைட்டு எரியுது. வேற ஒண்ணும் வரல. போர்டே போயிடுச்சுன்னு நெனைக்கிறேன்" என்றான் தொலைபேசியில்.

"பச்சை விளக்கு மின்னுதாப்பா?"

"பச்சையா? அதை நான் பாக்கவே இல்லையே, மாமா."

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் கிளம்பினேன்.

கிளியின் உடலில் உயிர்

ராஸ்பெர்ரி பை எதற்காகப் பிறந்தது என்பதை அறிந்தால், அது பழுதாகும் விதமும் விளங்கும். 2006ஆம் ஆண்டு வாக்கில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எபன் அப்டனும் அவருடைய சகாக்களும், கணினி விஞ்ஞானம் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்களின் தொகையும் அவர்கள் கொண்டுவரும் அனுபவமும் ஆண்டுக்காண்டு குன்றிவருவதைக் கண்டு விசனப்பட்டார்கள். 1980களின் பிள்ளைகள் வீட்டுக் கணினிகளில் தாமே கட்டளை எழுதிப் பழகியவர்கள்; பின்னால் வந்தவர்களுக்கோ, திறந்து பார்க்கவும் தவறு செய்யவும் துணிவு தராத, விலையுயர்ந்த கணினியே கிடைத்தது. கெட்டுவிடுமோ என்ற அச்சமின்றிக் குழந்தைகள் கையாளத்தக்க யந்திரம் ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தின் பலனாக, 2012 பிப்ரவரி 29 அன்று, 35 டாலர் விலையில் முதல் பலகை விற்பனைக்கு வந்தது. எட்டரை சென்டிமீட்டர் நீளமும் ஐந்தரைக்குச் சற்றே அதிகமான அகலமும் கொண்ட, ஏடிஎம் அட்டையை ஒத்த அந்தப் பலகையில் கணினிக்கு வேண்டிய அனைத்தும் இருந்தன. ஹார்டு டிஸ்க் மட்டும் இல்லை. 2016இல் வந்த மூன்றாம் மாதிரியிலும் அதே ஏற்பாடுதான்.

நம் பாட்டிமார் சொன்ன கதைகளில், ஏழு கடல் ஏழு மலைகளுக்கு அப்பால், கூண்டுக் கிளியின் உடலில் தன் உயிரை ஒளித்துவைத்த அரக்கன் ஒருவன் வருவான். இந்தப் பலகையின் உயிரும் அதன் உடலில் இல்லை. விரல் நகமளவு மெமரி கார்டில் இருக்கிறது. இயங்குதளம், பயனருடைய பெயர், கடவுச்சொல், எழுதிய நிரல் யாவும் அந்தக் கார்டில்தான். ஆகவே கார்டில் எந்தத் தவறு செய்தாலும் பலகை சாவதில்லை. கார்டை அழித்துப் புதிதாக எழுதிவிட்டால் பழைய பிழைகளும் அழிந்துபோகின்றன. போர்டே போய்விட்டது என்று என் மருமகன் கலங்கியது வீண் கலக்கம் என்பதற்கு இதுவே காரணம்.

நிலையங்களின் வரிசை

சுவிட்சைப் போட்டதிலிருந்து பெயர் கேட்கும் வரி திரையில் வருகிற வரைக்கும் சில வினாடிகளே ஆகின்றன என்றாலும், அந்த வினாடிகளுக்குள் ஒரு நெடிய பிரயாணம் நடந்து முடிகிறது. மின்சாரம் வந்தவுடன் சிவப்பு விளக்கு எரிகிறது. அது முதல் நிலையம். இரண்டாவதாக, சில்லுக்குள்ளேயே மாற்ற முடியாதபடி பதிக்கப்பட்ட சிறு கட்டளைத் தொகுதி விழித்து, மெமரி கார்டின் முதற்பகுதியில் பூட்கோட் என்ற கோப்பைத் தேடுகிறது. விசேஷம் என்னவென்றால், இந்தக் கட்டத்தில் பிரதானச் செயலி உறங்கிக்கொண்டிருக்கும். படம் காட்டுவதற்கென்று அமைந்த பகுதிதான் முதலில் எழுந்து மற்றதை எழுப்புகிறது. பூட்கோட் தன் பங்குக்கு ஸ்டார்ட் டாட் எல்ஃப் என்ற கோப்பை அழைக்கிறது. அது கான்ஃபிக் என்ற குறிப்பைப் படித்து, அதன்படி கெர்னல் என்னும் இயங்குதளக் கருவை நினைவகத்தில் ஏற்றிச் செயலியை எழுப்புகிறது. கெர்னலோ கார்டின் இரண்டாம் பகுதியைத் திறந்து, அங்கேயுள்ள கோப்புகளைக் கொண்டு எஞ்சிய காரியங்களை நடத்துகிறது.

ஒவ்வொரு நிலையமும் அடுத்த நிலையத்திடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் இந்த ஒழுங்கில், எங்கே தடைபட்டாலும் அந்த இடத்துக்கென்று ஓர் அடையாளம் உண்டு. திரை இருண்டிருக்கும்போதும் பேசுவதற்கென்றே பச்சை விளக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அது நான்கு முறை மின்னி நின்று, மீண்டும் நான்கு முறை மின்னினால், ஸ்டார்ட் டாட் எல்ஃப் கிடைக்கவில்லை என்று பொருள். ஏழு முறையானால் கெர்னல் கிடைக்கவில்லை. எட்டு முறையானால் நினைவகத்திலேயே கோளாறு. அறவே மின்னாவிட்டால், கார்டில் படிக்கத்தக்கது எதுவும் அகப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். நாடி பார்க்கும் வைத்தியர் துடிப்பை எண்ணுவது போல, பொறுமையாக எண்ணுகிறவருக்கு மட்டும் அது விடை சொல்லும்.

முதல் தவறு: பெட்டியைப் பிரிக்காமல் வைத்தது

திண்டிவனத்து வீட்டில், சாப்பாட்டு மேஜையின் மேல் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பலகையை வைத்துக் காத்திருந்தான். பச்சை விளக்கு ஒருமுறைகூட மின்னவில்லை. கார்டை எடுத்து, பள்ளிக்கூடத்தில் அவன் அக்காவுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் செருகிப் பார்த்தபோது, உள்ளே ஒரே ஒரு கோப்பு இருந்தது: இணையத்திலிருந்து இறக்கிய இயங்குதளத்தின் இமேஜ் கோப்பு, இறக்கியபடியே.

புதிதாக வருகிற அனேகரும் செய்யும் பிழை இது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பாட்டைக் கைப்பேசியில் காப்பி செய்வது போல இமேஜைக் கார்டில் காப்பி செய்துவிட்டான். இமேஜ் என்பது கார்டுக்குள் வைக்கப்பட வேண்டிய பொருளன்று. முழுக் கார்டின் அச்சு அது. இரண்டு பகுதிகளாகப் பிரிந்த, ஒவ்வொரு பகுதியிலும் உரிய கோப்புகள் உரிய இடத்தில் அமர்ந்த ஒரு கார்டின் நகல், ஒரே கோப்பாகச் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கிறது. அதை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை கார்டின் மேல் அப்படியே எழுத வேண்டும். இந்தக் காரியத்துக்கென 2020இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற செயலியைக் கொண்டு எழுதினோம். பழைய பலகை என்பதாலும், மூட்டை அறையில் திரைக்கு வேலையில்லை என்பதாலும், டெபியன் 11 என்னும் லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்ட லைட் பதிப்பைத் தேர்ந்துகொண்டோம். எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும் சோதனையும் பிழையின்றி முடிந்தது. கார்டைச் செருகிச் சுவிட்சைப் போட்டவுடன் பச்சை விளக்கு படபடவென்று மின்னியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் வரிவரியாக ஓடின. பிள்ளையின் முகத்தில் நான்கு நாட்களுக்குப் பிறகு வந்த மலர்ச்சியை அவன் தாயார் அடுக்களை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் தவறு: காணாமற்போன ஆட் குறி

திரை பெயரைக் கேட்டது, கொடுத்தான். கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்தான். தவறு என்றது. மூன்று தடவை, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி அடித்தும் அதே பதில்தான். கடவுச்சொல்லை அரைமணி முன்பு இமேஜரில் அமைத்தது அவனேதான்; மறந்திருக்க வழியில்லை. முன்பெல்லாம் பை என்ற பெயரும் ராஸ்பெர்ரி என்ற கடவுச்சொல்லும் எல்லாப் பலகைகளுக்கும் பொதுவாக இருந்தன; உலகறிந்த சாவியால் பூட்டுவதில் பாதுகாப்பில்லை என்று, 2022 ஏப்ரலில் அந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டார்கள். ஆகவே அந்த வழியும் அடைபட்டிருந்தது.

கடவுச்சொல்லை அடிக்கும்போது லினக்ஸ் திரையில் ஒரு புள்ளிகூடத் தோன்றாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும் தவறைக் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குக் கொண்டுவருவதுதான் உபாயம் என்பதால், "கடவுச்சொல்லைப் பெயர் கேட்கும் இடத்தில் அடிச்சுப் பாருப்பா" என்றேன். அடித்தான். ஆட் (@) குறி வரவேண்டிய இடத்தில் இரட்டை மேற்கோள் குறி வந்து நின்றது.

இங்கிலாந்தில் பிறந்த இந்த இயங்குதளம், வேறு சொல்லாதவரை, இங்கிலாந்து விசைப்பலகையே இணைக்கப்பட்டிருப்பதாக எண்ணிக்கொள்கிறது. நம் கடைகளில் விற்கும் கீபோர்டுகளோ அமெரிக்க அமைப்பைச் சேர்ந்தவை. இரண்டிலும் எழுத்துக்கள் ஒன்றே. ஷிஃப்டோடு 2ஐ அழுத்தினால் அமெரிக்க அமைப்பில் ஆட் குறியும் இங்கிலாந்து அமைப்பில் மேற்கோள் குறியும் வரும். லேப்டாப்பில் அமைத்த கடவுச்சொல்லும் பலகையில் அடித்த கடவுச்சொல்லும் விரலுக்கு ஒன்றாகவும் யந்திரத்துக்கு வேறாகவும் இருந்தன. மேற்கோள் விசையை ஷிஃப்டோடு அழுத்தி ஆட் குறியை வரவழைத்து உள்ளே நுழைந்தான். விசைப்பலகையின் தேசத்தை அமைப்பில் மாற்றினான். யந்திரத்தின் மேலும் தன் ஞாபகத்தின் மேலும் அவன் கொண்ட சந்தேகம் இரண்டும் நீங்கின.

மூன்றாம் தவறு: மெலிந்த வயர்

அந்த மகிழ்ச்சியிலும் ஒரு குறை கண்ணில் பட்டது. எழுத்துக்கள் ஓடும்போதெல்லாம் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. மின்னழுத்தம் போதவில்லை என்று திரையிலும் ஒரு வரி அவ்வப்போது வந்துபோயிற்று. பலகை தன் மின்நிலையைத் தானே குறித்துவைத்திருக்கிறது. உரிய கட்டளையால் கேட்டபோது, 50005 என்ற எண்ணை விடையாகத் தந்தது. அதன் கடைசி 5, இந்தக் கணத்தில் அழுத்தம் குறைந்திருக்கிறது, அதனால் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது. முதல் 5, சுவிட்ச் போட்டதிலிருந்து இப்படி முன்பும் நேர்ந்ததுண்டு என்பது. நிகழ்காலத்தையும் இறந்தகாலத்தையும் ஒரே எண்ணில் சொல்லும் இந்தச் சாட்சியத்தை விடத் தெளிவான சாட்சியம் வேறு என்ன வேண்டும்?

மூன்றாம் மாதிரிப் பலகைக்கு 5 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் தரவல்ல சார்ஜர் வேண்டும், அழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை வரும். இவன் வைத்திருந்ததோ பழைய கைப்பேசிச் சார்ஜரும், ஒன்றரைக் கெஜ நீளமுள்ள மெல்லிய வயரும். கால் ஓம் தடையுள்ள வயரில் இரண்டு ஆம்பியர் ஓடினால் வழியிலேயே அரை வோல்ட் கரைந்துபோகும்; மீதி நாலரை. ஓமின் விதியைப் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டிருந்த பிள்ளை, அதைத் தன் சாப்பாட்டு மேஜையின் மேல் பிரத்தியட்சமாகக் கண்டான். பலகை சும்மா இருந்தவரை வயரின் குறை தெரியவில்லை. வேலை கொடுத்த பிறகே தெரிந்தது.

நான்காம் தவறு: பொய் சொன்ன அட்டை

முறைப்படி யந்திரத்தை நிறுத்திவிட்டு, நான் கொண்டுபோயிருந்த சார்ஜரை மாட்டிச் சுவிட்சைப் போட்டோம். சிவப்பு விளக்கு அசையாமல் நின்றது. ஆனால் எழுத்துக்கள் பாதி ஓடியதும் திரை உறைந்துபோயிற்று. கெர்னல் பேனிக் என்றது கடைசி வரி. அதாவது, மேலே போக வழி தெரியவில்லை என்று கெர்னல் கைவிரித்துவிட்டது.

"உங்க சார்ஜர்தான் மாமா கெடுத்துடுச்சு" என்றான் பையன், ஏறக்குறைய அழுகிற குரலில்.

அவனைக் குறை சொல்வதற்கில்லை. கடைசியாக மாற்றிய பொருளின் மேல் பழி போடுவது மனித சுபாவம். ஆனால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அறிந்த நாம், ஒன்றுக்குப் பின் மற்றொன்று நடந்த மாத்திரத்தில் முன்னதைக் காரணம் என்று தீர்மானித்துவிடலாகாது. பழைய சார்ஜரையே திரும்ப மாட்டினோம், அதே பேனிக். சார்ஜர் நிரபராதி. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம், மாற்றியதும் ஒரு பரீட்சை என்ற நியமத்தைக் கைவிடாதவரை, எத்தனை கோளாறுகள் பின்னிக் கிடந்தாலும் ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம்.

அதே கடைசி வரியில், அடைப்புக்குறிக்குள் 179, 2 என்று இரண்டு எண்கள் இருந்தன. பயமுறுத்துவன போலத் தோன்றும் அவ்வெண்கள் உண்மையில் ஒரு விலாசம்: 179 என்பது மெமரி கார்டுக்கு லினக்ஸ் வைத்த எண், 2 என்பது அதன் இரண்டாம் பகுதி. கார்டின் இரண்டாம் பகுதியைத் திறக்க முடியவில்லை என்று கெர்னல் தெருப்பெயரோடு சொல்லியிருக்கிறது. வண்டி பேரணி வரைக்கும் வந்துவிட்டது. மயிலத்தில்தான் வழி அடைபட்டிருக்கிறது.

கார்டை லேப்டாப்பில் செருகி, முழுக் கொள்ளளவுக்கும் எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் எஃப்3 என்ற நிரலை ஓடவிட்டோம். சாப்பாடு முடிந்து வெயில் தாழும் வரைக்கும் அது ஓடியது. 64 ஜிபி என்று அச்சிட்டிருந்த அட்டையில் மெய்யாக இருந்தது 8 ஜிபிக்கும் குறைவு. முதல் தடவை வந்த இயங்குதளம் மறுதடவை வராததன் ரகசியமும் அப்போது விளங்கியது. இமேஜ் சிறியது, மெய்யான இடத்துக்குள் அடங்கிவிட்டதால் சரிபார்ப்பில் தேறிற்று. முதன்முறை இயங்கும்போதோ, இயங்குதளம் தன் இரண்டாம் பகுதியைக் கார்டு சொல்லும் முழு அளவுக்கும் விரித்துக்கொள்வது வழக்கம். இல்லாத நிலத்தில் வீடு கட்டப் போனவன் கதையாக, இல்லாத இடத்தில் எழுத முயன்றவை இருந்த இடத்தின்மேல் விழுந்து, முன்பே எழுதியவற்றையும் அழித்துவிட்டன. கடைவீதியில் வேறு கார்டு வாங்கி, எழுதுவதற்கு முன்பே அதையும் சோதித்துவிட்டு ஏற்றினோம். விளக்கு வைக்கும் நேரத்தில் பெயர் கேட்டது. ஆட் குறி ஆட் குறியாகவே விழுந்தது. மின்நிலையைக் கேட்டபோது பூஜ்யம் என்றது. பலகையில் பாட்டரியில் ஓடும் கடிகாரம் இல்லையாதலால், இணையம் இல்லாத அறையில் மின்சாரம் போய்வந்தால் தேதி பின்தங்கிவிடும், மணிக்கு மணி குறிப்பெடுக்கத் தனிக் கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

விதையும் நிரலும்

பலகையில் ஏறிய லினக்ஸ், யாரும் நகலெடுத்துப் பகிரத்தக்க சுதந்திர மென்பொருள்; திண்டிவனத்துக்காரருக்கு அதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. அவ்வூர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான மணிலா ரகங்களின் பெயரில் முன்னே நிற்கும் டி.எம்.வி. என்பது திண்டிவனத்தின் சுருக்கமே. 1940இல் வெளியான டி.எம்.வி. 2 ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பரவியது. விளைந்ததில் ஒரு பங்கை விதையாக எடுத்துவைக்கவும், பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுக்கவும் விவசாயி யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னலும், 1993இல் பிறந்த டெபியனும் இவ்விதமே கைமாறிக் கைமாறி அந்தச் சாப்பாட்டு மேஜை வரை வந்து சேர்ந்தன.

நம் நாட்டிலும் இந்த விதை ஊன்றப்பட்டதுண்டு. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை ஆக்கியது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அது லட்சக்கணக்கான மாணவர் வீடுகளுக்குள் போயிற்று. ஆனால் போய்ச் சேர்ந்தும், பல வீடுகளில் அது திறக்கப்படாமலே கிடந்தது. விதை கொடுத்தால் போதாது. பயிர் வாடும்போது வரப்பில் வந்து நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவினர், கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணமின்றி லினக்ஸும் நிரலாக்கமும் கற்பித்து வருவதை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால்தான் கணினி ஞானம் கிட்டும் என்ற எண்ணம் இம்மாவட்டத்துப் பிள்ளைகள் மனத்தில் வேரோடியிருக்கிறது. அதைப் பிரசங்கத்தால் களைய முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கையாலேயே ஒரு கோளாற்றைக் கண்டுபிடிக்கவைத்தால் களையலாம்.

நான்கு தவறுகளில் எதற்கும் மேதைமை தேவைப்படவில்லை. சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு, 50005, 179, ஒரு மேற்கோள் குறி என்று யந்திரம் ஒவ்வொரு சமயமும் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கேட்பதற்குச் சிரத்தை ஒன்றே வேண்டியிருந்தது.

கடைசி வண்டிக்கு நான் புறப்படும் நேரத்தில் பையன் கார்டை மறுபடி லேப்டாப்பில் செருகி ஏதோ செய்துகொண்டிருந்தான். ஓடுகிற யந்திரத்தை ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன்.

"ஸ்டார்ட் டாட் எல்ஃப் பேரை வேணும்னே மாத்தி வச்சிருக்கேன், மாமா. நாலு தடவை மின்னுதான்னு பாக்கணும்."

காலையில் போர்டே போய்விட்டது என்று அஞ்சிய பிள்ளை, மாலையில் தானே ஒரு கோளாற்றை உண்டாக்கிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தான். கார்டைப் பலகையில் செருகினான். திரை இருண்டிருந்தது. இருவரும் குனிந்து எண்ணினோம்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சற்று நின்று, மீண்டும் நான்கு.